மூன்று சீட்டும் ஒரே விரலும்

மூன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பிழை கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஐந்தருவிப் பாதையில் பதினெட்டு அறை லாட்ஜ் கட்டினேன். "பாறைதான் இருக்கு, தண்ணி வராது" என்று நீரோட்டம் பார்க்கிறவர்கள் மூன்று பேர் கையை விரித்த இடத்தில் கிணறு வெட்டினேன். இன்றைக்கும் கோடை வந்தால் பக்கத்து லாட்ஜ்காரர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் கிணற்றுக்குத்தான் வருகிறார்கள். தென்காசியில் செக்கு போட்டேன், எண்ணெய்க் கடை வைத்தேன். எங்கள் தெருவுக்கு விளக்குக் கம்பம் வருவதற்கு எட்டு மாதம் நடையாய் நடந்தவன் நான்தான். அக்காவுக்கு ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தேன். எண்ணெய் தேய்க்கிறவன் வேறு என்ன செய்துவிடுவான் என்று சொன்ன ஒரு பண்ணை வீட்டுக்காரர், பிற்பாடு ஆடி மாதச் சாரலில் என் லாட்ஜ் வராந்தாவில் அறை காலியாகுமா என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். அதுவும் நான் கட்டியதில் ஒன்றுதான்.

இத்தனையும் இந்த இரண்டு கையால் செய்தது. இப்போது எழுத வந்தது அந்தக் கையைப் பற்றி.

சீசன் வேலைக்காரர்களுக்கு வருஷா வருஷம் காலரா ஊசி போடுகிற ஓலைக் கொட்டகையைப் பிரித்துவிட்டு, லாட்ஜ்காரர்கள் சங்கத்தில் சிமெண்டுக் கட்டிடம் கட்டியிருக்கிறார்கள். சுவரில் கல் பதித்திருக்கிறார்கள். இடம் கொடுத்தவர், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், மாலை போட்டவர் எல்லோர் பெயரும் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஏன் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செங்கோட்டை நம்ம ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம். நயா பைசா புதிதாக வந்து எல்லோரும் கணக்குத் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்த காலம். எனக்கு இருபத்துநான்கு வயது. பேரருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கிற ஆட்களில் என் கைக்குத்தான் கிராக்கி. இது பீற்றல் இல்லை, அந்தக் காலத்து ஆட்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வருகிறவர்களை உட்கார வைத்துத் தேய்க்க ஆளுக்கொரு கல் உண்டு. என் பக்கத்துக் கல்லில் தேய்த்தவர் என் அத்தான், அக்காவின் மாப்பிள்ளை. என்னைவிட ஆறு வயது மூத்தவர். கை சுமார்தான், ஆனால் வாய் நன்றாக இருக்கும். அவர் சொல்கிற கதையைக் கேட்பதற்காகவே எண்ணெய் தேய்க்க வந்து உட்கார்கிற ஆட்கள் உண்டு.

எங்கள் தொழிலில் 'முதல் கை' என்று ஒன்று இருந்தது. சாரலுக்கு வந்து ஒரு மாதம், ஒன்றரை மாதம் தங்குகிற பெரிய வீட்டு ஆட்கள், வந்த முதல் நாள் யாரிடம் எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்களோ, ஊர் திரும்புகிற வரைக்கும் அவரிடம்தான். நடுவில் கை மாறினால் உடம்பு சூடாகிவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவர்களுக்கு எப்படி வந்தது என்றால், நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் வந்தது. ஆக, சாரல் விழுந்த முதல் இரண்டு மூன்று நாளில் கல்லில் நிற்காதவனுக்கு அந்தச் சீசனே கிடையாது.

அந்த வருஷம் பார்த்துச் சுகாதார இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். அருவிக்கரையில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் காலரா ஊசி போட்டுச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாதவன் எண்ணெய்க் கிண்ணத்தோடு பாலத்தைத் தாண்டக் கூடாது. நல்ல உத்தரவுதான். ஆனால் மருந்து வந்து சேர்ந்தது சாரல் தொடங்கிய அன்றைக்கு. அந்த ஊசி போட்டால் தோள்பட்டை இட்லி மாதிரி வீங்கும், காய்ச்சல் அடிக்கும், இரண்டு நாளைக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. எண்ணெய் தேய்க்கிறவனுக்குக் கை தூக்க முடியாவிட்டால் அவன் யார்?

அத்தானுக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் மறுநாள் காலை வருவதாகக் கடிதம் வந்திருந்தது. போன வருஷம் அந்த முதல் கையை வேறொருவர் தட்டிக்கொண்டு போயிருந்தார். இந்த வருஷம் விடக் கூடாது என்று அத்தான் சாரல் வருவதற்கு முன்னாலிருந்தே கிண்ணத்தைப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தார். அன்றைக்கு மரத்தடியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தாடிக்கார அண்ணாச்சி, எங்களில் மூத்தவர்.

"ஏன் அத்தான் மூஞ்சி இப்படி இருக்கு? ஊசிக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"பயம் என்னலே பயம்? ஒங்க அக்காவக் கெட்டுனவன் ஊசிக்கா பயப்படுவான்?" என்றார். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நாளைக்குக் காலைல அந்த ஆளு வருதாரு மாப்ளே. ஒத்தக் கையால அவரு முதுகத் தேச்சா, அடுத்த கல்லுக்கு எந்திரிச்சுப் போயிருவாரு."

"எனக்கும் அதே எளவுதான்" என்றார் அண்ணாச்சி. "இந்த வயசுல காச்சல் வந்தா எந்திரிக்க நாலு நாளாவும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருபத்துநான்கு வயதில் சும்மா இருக்கத் தெரியாது. என் உடம்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கர்வம். "ஒங்க ரெண்டு பேரு ஊசியையும் நான் போட்டுக்கிடுதேன்" என்றேன்.

"மூணு ஊசியா? செத்துப்போவீரு வே" என்றார் அண்ணாச்சி.

"எனக்கு ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. மூணு என்ன, முப்பது போட்டாலும் நாளைக்குக் கல்லுல நிப்பேன்."

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாப்ளே, ஒனக்குத் திமிரு சாஸ்தி. ஆனா இன்னைக்கு அது நமக்கு ஒதவும் போலுக்கே" என்றார்.

அன்றைக்கு மூன்று இடத்தில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் தென்காசி ரயில் நிலையத்தில் அத்தான் பெயரைச் சொல்லி இடது கையை நீட்டினேன். மதியம் இலஞ்சியில் கோவிலுக்கு எதிரே அண்ணாச்சி பெயருக்கு வலது கை. சாயங்காலம் குற்றாலத்தில் என் பெயருக்கு மறுபடி இடது கை. சீட்டில் படம் எல்லாம் கிடையாது. பெயர், தகப்பனார் பெயர், கீழே பெருவிரல் ரேகை, அவ்வளவுதான். மூன்று சீட்டிலும் என் பெருவிரல்தான். பன்னிரண்டு வயதில் தேங்காய் வெட்டும்போது பட்ட வெட்டு என் இடது பெருவிரலின் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. ரேகை வைத்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக விழும். மூன்று சீட்டிலும் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. யார் பார்த்தார்கள்?

மறுநாள் காய்ச்சலோடுதான் கல்லில் நின்றேன். பல் கிட்டியது. இரண்டு தோளிலும் சுத்தியலால் அடிப்பது மாதிரி வலி. வெளியில் காட்டவில்லை. ஏழு பேருக்குத் தேய்த்தேன். அத்தான் காரைக்குடிக்காரரின் முதுகைத் தட்டித் தட்டிக் கதை சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். முதல் கை அவருக்குக் கிடைத்துவிட்டது. அக்கா அன்றைக்கு எனக்குக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள், எதற்கு என்று தெரியாமலே. ஊசி விஷயத்தை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அத்தானைத் திட்டுவாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை, கல்லில் எண்ணெயை ஊற்றிவிட்டு அத்தான் மரங்களுக்குப் பின்னால் போனார். வந்தார். மறுபடி போனார். நான்காம் முறை போனவர் வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போயிருந்தது. எங்களுக்கு அது என்னவென்று தெரியும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

குதிரை வண்டி பிடித்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு தென்காசிக்குப் போனோம். வழியெல்லாம் வாந்தி. நடுவில் ஒரு தடவை அக்கா முன்பக்கம் திரும்பி வண்டிக்காரரை விரட்டச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அத்தான் என் காதோரம் வாயை வைத்தார்.

"மாப்ளே... எனக்குப் போட்ட ஊசி ஒங்கைக்குள்ளதான இருக்கு? கொஞ்சம் திருப்பித் தாலே."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஆயிற்று, அந்தப் பேச்சுக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "காலரா ஊசி போட்டாச்சா?"

"போட்டிருக்கு அய்யா, இந்தா சீட்டு" என்று அக்கா மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். அதைப் பத்திரமாக முடிந்து வைத்திருந்தாள். டாக்டர் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுஷர், இளவயது. "ஊசி போட்ட ஆளு. வேற ஏதாவது சாப்பாட்டுக் கோளாறா இருக்கலாம். உப்புத்தண்ணி குடுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஊசி போடாத இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள், அவர்களிடம் போனார். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. கையில் கொடுத்த காகிதத்தை நம்பினார்.

நான் தூணோடு தூணாக நின்றேன். வாயைத் திறந்தால் போதும். "அந்தச் சீட்டு பொய் அய்யா" என்று நாலு சொல். ஆனால் பக்கத்தில் அக்கா. சொன்னால் இன்ஸ்பெக்டர் வருவார், மூன்று பேரையும் அருவிக்கரைப் பக்கமே சேர்க்க மாட்டார், போலீஸ்கூட வரலாம் என்று நினைத்தேன். ஒருவேளை டாக்டர் சொன்ன மாதிரி வெறும் சாப்பாட்டுக் கோளாறாகவும் இருக்கலாமே என்று நினைத்தேன். இப்படி நினைத்து நினைத்தே காலை முழுவதும் போயிற்று. பதினெட்டு அறை லாட்ஜ் கட்டினவனுக்கு அன்றைக்கு நாலு சொல் கட்ட முடியவில்லை.

உச்சி வெயில் நேரத்தில் அத்தானின் கண் உள்ளே போய்விட்டது. கெண்டைக்காலில் நரம்பு இழுத்து அலறினார். விரலெல்லாம் ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினது போலச் சுருங்கியிருந்தது. அப்போதுதான் டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதைக் காலையில சொல்லக் கூடாதா?" என்றார். அப்புறம் ஓடினார். தனிக் கொட்டகைக்கு மாற்றினார்கள். நரம்பு கிடைக்கவில்லை. கணுக்காலில் கீறி நரம்பைத் தேடி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். என்னையும் அக்காவையும் வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் உடம்பு பிடித்துவிடுகிற என் கையை வைத்துக்கொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அக்காவின் தோளைப் பிடிக்கக்கூட அது வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெள்ளைப் பொடி தூவி, துணியால் சுற்றி, அங்கிருந்தே சுடுகாடு. அக்காவை முகம் பார்க்க விடவில்லை.

டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "நெசமாவே ஊசி போட்டிருந்தா பொழச்சிருப்பாரா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சொல்ல முடியாது. அந்த ஊசி சில பேரைக் காப்பாத்தும், சில பேரைக் காப்பாத்தாது. ஆனா காலையிலயே தெரிஞ்சிருந்தா..." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். தாடிக்கார அண்ணாச்சியும் ஊசி போடாதவர்தானே? அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ரொம்ப வருஷம் இருந்தார். இதில் எதை எதோடு சேர்த்துப் பார்ப்பது என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

அத்தானை யாரும் படம் எடுத்ததில்லை. அக்காவிடம் மிஞ்சியது அந்தச் சீட்டு ஒன்றுதான். அதில் பெருவிரல் ரேகை இருக்கிறது அல்லவா? அவர் கை பட்ட அடையாளம் என்று அதை ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டாள். தினமும் காலையில் ஒரு பூ. வெள்ளிக்கிழமை சந்தனம். குனிந்து அந்த ரேகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டேன்.

சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எப்படிச் சொல்வது? சொன்னால் அவளுக்கு அதுவும் போய்விடும்.

அந்தத் துயரத்திலிருந்து இன்னொன்று முளைத்தது. "ஊசி போட்டவரே போயிட்டாரு, பொறவு என்ன எளவுக்கு ஊசி?" இது அக்கா சொன்னது. வயிறெரிந்து சொன்ன சொல், பொய் என்று அவளுக்குத் தெரியாது. அது தெருவெல்லாம் பரவிவிட்டது. மறு வருஷத்திலிருந்து எங்கள் தெரு ஆட்கள் ஊசி என்றால் தோப்புக்குள் ஓடி ஒளிந்தார்கள். அம்மை குத்த வந்தவரை விரட்டினார்கள். நெஞ்சைப் படம் எடுக்கிற வண்டி தென்காசிக்கு வந்தபோது, இருமிக்கொண்டிருந்த ஆள்கூடப் போகவில்லை. கேட்டால் சுவரில் இருக்கிற சீட்டைக் காட்டினார்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி, என் மனைவி தலைப்பிள்ளை சுமந்தபோது அவளுக்குக் கால் வீங்கியது. தென்காசியிலிருந்து வருகிற நர்சம்மா, "மாசா மாசம் வரச் சொல்லுங்க. ரத்தக் கொதிப்பு பாக்கணும், மூத்திரம் சோதிக்கணும். நல்லா இருக்கும்போதே பாத்தாத்தான் அதுக்குப் பேரு வைத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா குறுக்கே நின்றாள்.

"ஏட்டி, அங்கன போனா ஊசியக் குத்திருவாளுவ. எங்க வீட்டுல ஒரு உசிரு போனது காணாதா?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கிணற்று வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டேன். லாட்ஜுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த சமயம். பாறையை உடைக்க வெடி வைத்தவன், வீட்டுக்குள் ஒரு வார்த்தை வைக்க முடியாமல் பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்தக் கால் வீக்கத்தை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுக்கின இடம் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அது என் சாமர்த்தியம் இல்லை. நான் என் சாமர்த்தியத்தை விட்டுக்கொடுக்கிறவன் இல்லை, ஆனாலும் அது என் சாமர்த்தியம் இல்லை.

அத்தான் போய்ப் பதினோரு வருஷம் கழித்து மறுபடி வந்தது. புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றப் போன லாரி ஆட்கள் இரண்டு பேருக்கு வாந்திபேதி என்று சாரல் நேரத்தில் செய்தி வந்தது. அப்போது லாட்ஜ் நடந்துகொண்டிருந்தது. அக்காதான் என் அடுக்களையை நடத்தினாள். அவளுக்கு நாற்பதை ஒட்டின வயது. நூறு பேர் சாப்பிடுகிற அடுக்களை. புது இன்ஸ்பெக்டர் மருந்துப் பெட்டியோடு வந்து என் வாசலிலேயே மேசையைப் போட்டார். முதல் ஆளாக நான் கையை நீட்டிப் போட்டுக்கொண்டேன். அத்தான் போன பிறகு நான் ஒரு வருஷமும் விட்டதில்லை.

வேலைக்காரர்கள் பதினான்கு பேரும் சுவரோடு நின்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

"என்னவே, மொதலாளி போட்டுட்டேன்லா? வாங்க" என்றேன்.

"நீங்க போடுவீக, ஒங்க ஒடம்பு இரும்பு. அக்கா போடட்டும், நாங்களும் போடுதோம்" என்றான் சப்ளை பண்ணுகிறவன்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அந்தம்மா போடலேன்னா அடுக்களைய மூடிருங்க. எனக்கு வேற வழியில்ல."

அடுக்களைக்குள் போனேன். அக்கா பெரிய சட்டியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கைய நீட்டிட்டு வந்துரு. ஒரு நிமிசம்."

"போலே. ஒங்க அத்தான் நீட்டுனாரு. என்ன ஆச்சு?"

"அக்கா..."

"ஊசி போட்ட மனுசன் பத்து நாள்ல போனாரு. அவரு ரேகை எஞ் சுவத்துல இருக்கு. எங்கிட்ட ஊசி கதை அளக்க வராத. சவத்த விடு."

"அது அவரு ரேகை இல்லக்கா" என்றேன்.

எப்படி வந்தது அந்தச் சொல் என்று தெரியாது. ஆஸ்பத்திரித் தூணடியில் நிற்கும்போது வந்திருக்க வேண்டியது, பதினோரு வருஷம் கழித்து ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தடி, காரைக்குடிக்காரர், மூன்று இடம், மூன்று ஊசி. காலை முழுவதும் வாயைத் திறக்காமல் நின்றது. எதையும் விடவில்லை.

அவள் கையைக் கழுவவில்லை. புளித் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே போனாள். தெரு முனையில்தான் வீடு. கண்ணாடிச் சட்டத்தோடு திரும்பி வந்தாள். அதைப் பிரித்துச் சீட்டை எடுத்து இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்தாள்.

"வைலே" என்றாள்.

மைப்பெட்டியில் பெருவிரலைத் தொட்டு, பழைய ரேகைக்குப் பக்கத்தில் அமுக்கினேன். சந்தனம் பட்டுப் பட்டு மஞ்சளாகியிருந்த காகிதம். இரண்டிலும் குறுக்கே ஒரே வெள்ளைக் கோடு. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். பதினான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கேட்டாள், சத்தம் போடாமல்தான் கேட்டாள். "அப்போ பதினோரு வருசமா ஒம் விரலுக்கா நான் பூ வச்சேன்?"

மை பட்ட பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து சேலையைத் தோளுக்கு மேலே ஒதுக்கிக் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை, அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பதினான்கு பேரும் வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் வந்தது. மருந்து போதாமல் தென்காசிக்கு ஆள் அனுப்பினோம். அந்தச் சீசனில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. ஊசியால் வரவில்லையா, வராமலே இருந்திருக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அந்த டாக்டரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்?

அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் எழுந்து வந்து அடுக்களையில் நின்றாள். என்னோடு பேசவில்லை. அன்றைக்கு நிறுத்தினதுதான். "மொதலாளிட்ட அரிசி தீந்துபோச்சுன்னு சொல்லு" என்று என் முன்னாலேயே வேறு ஆளிடம் சொல்வாள். சட்டத்தைக் கொண்டுபோனாள், சீட்டை என் மேசையில் போட்டுவிட்டுப் போனாள். இப்போது அவள் சுவரில் வெறும் கண்ணாடி இருக்கிறது. அதற்குப் பூ வைக்கிறாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறு வருஷம் ஊசிக்கு வந்த இடத்திலேயே டாக்டர் ஒருவர் எல்லோருடைய மூத்திரத்தையும் வாங்கி, நீல மருந்து ஊற்றிச் சூடு காட்டினார். என்னுடையது செங்கல் நிறமாக மாறியது. சர்க்கரை. இரும்பு உடம்பு என்று நாற்பது தொடாமலே பட்டம் வாங்கியவனுக்கு உள்ளே எறும்பு ஊர்கிற சமாசாரம். நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. சப்ளை பண்ணுகிறவன் அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலை வந்த காப்பியில் சர்க்கரை இல்லை. அன்றிலிருந்து ஒரு நாளும் இல்லை. பேச்சும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நான் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைப்பேன். மாதா மாதம் தென்காசிக்குப் போய்ச் சோதித்துக்கொள்வேன். காகிதத்தைக் கொண்டுவந்து அடுக்களை ஜன்னலில் வைப்பேன். மறுநாள் அது அங்கே இருக்காது.

இதுதான் நடந்தது. இப்போது சங்கத்துக்காரர்களுக்குச் சொல்கிறேன். அந்தக் கல்லில் கடைசி வரிக்குக் கீழே இரண்டு விரல்கடை இடம் காலியாக இருக்கிறது, நான் போய் அளந்துவிட்டு வந்தேன். தலைமை தாங்கியவருக்கும் மாலை போட்டவருக்கும் முன்னால் இந்த வேலையில் கை கொடுத்தவன் நான். எங்கள் தெருவுக்குள் ஊசி நுழைந்தது என்னால். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் நுழையாமல் இருந்ததும் என்னால்தான். முதல் பாதியை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை மறைக்க வேண்டாம். இரண்டும் என் வேலை. முதலில் அக்கா கை நீட்டினாள் என்று போடுங்கள், அதற்குக் கீழே என்னைப் போடுங்கள். பெயர் வேண்டாம் என்றால் கல் கொத்துகிறவரை என்னிடம் அனுப்புங்கள். என் பெருவிரலைப் பார்த்து, அந்தக் கோட்டோடு சேர்த்துக் கொத்தட்டும்.